நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

இரண்டு கைகள் விசைப்பலகையின்மேல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நான்கு எழுத்துகளை அழிக்கின்றன, மூன்றைச் சேர்க்கின்றன, நிற்கின்றன, யோசிக்கின்றன, சேர்த்த மூன்றில் ஒன்றை மறுபடி அழிக்கின்றன. திரையில் சிவப்பு எழுத்துகள் ஒரு முழ நீளத்துக்கு இறங்குகின்றன. கைகள் கோபப்படவில்லை. முதல் வரிக்குப் போய் மறுபடி தொடங்குகின்றன.

அந்தக் கைகளை விடுங்கள். நாம் பார்க்க வந்தது அவற்றை அல்ல. கைகளுக்கு உரியவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பாருங்கள். நாற்காலியின் முதுகைப் பாருங்கள். அந்த முதுகில் ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு, மறுகையில் பால் விடாத பிளேன்டீக் கோப்பையோடு, முன்னால் இருப்பவரின் காதுக்குள் ஆவி போகும்படி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவரைப் பாருங்கள். இன்று நாம் ஆராயவேண்டிய உயிரினம் அவர்தான். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்.

இவரை நீங்கள் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். ஹட்டனுக்குப் போகும் பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டால், டிரைவர் இறங்கி எஞ்சின் மூடியைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் இவர் நிற்பார். டிக்கோயாவில் ஒருவர் தண்ணீர்க் குழாயை முறுக்கினால், முறுக்குகிறவரின் தோளுக்கு மேலே இவருடைய தாடை தெரியும். கையில் ஆயுதம் எதுவும் இருக்காது. வாய் இருக்கும்.

நம் மலைநாட்டில் இந்த இனம் இவ்வளவு செழிப்பாக வளர்வதற்கு மண்வளமும் மழையும் மட்டும் காரணம் அல்ல. ஒரு கொழுந்தைக் கிள்ள இரண்டு விரல் போதும். அந்த இரண்டு விரலுக்குப் பின்னால் ஒரு கங்காணி, கங்காணிக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை, அவருக்குப் பின்னால் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, அவருக்குப் பின்னால் சின்னத்துரை, அவருக்குப் பின்னால் பெரியதுரை, அவருக்கும் பின்னால் கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் குளிரூட்டியின் கீழே ஒரு கூட்டம். கொழுந்து இந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நாம் பார்த்தோம். தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, முன்னால் குனிந்திருப்பது வேலை, பின்னால் நிமிர்ந்திருப்பது உத்தியோகம் என்று தெளிவாகப் படித்துக்கொண்டோம்.

சரி, மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே கொழுந்து நிறுக்கும் மடுவம். மடுவத்தை ஒட்டி ஒரு சிறிய அறை, அறைக்குள் ஒரு பழைய கணினி. முழங்கை ஊன்றியிருப்பவர் தோட்டத்துக் கண்டாக்கு அமிர்தநாதன். கைகளுக்கு உரியவர் கிருஷாந்தி. இதே தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, தலவாக்கலையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். மடுவத்தின் நிறுவை நிரலைப் பைத்தன் மொழியில் எழுதிக்கொடுத்தவர் அவர்தான். இன்று மத்தியானம் அதைக் கெடுத்தவரும் அவர்தான்.

எப்படிக் கெடுத்தார் என்று கேட்கமாட்டீர்களா? தூசு தட்ட வந்தார். தட்டி முடித்ததும் சும்மா இருந்திருக்கலாம். நிரலையும், எடைகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்தையும் பேசவைப்பதற்கு நடுவில் ஒரு லைப்ரரி இருக்கிறது. அதாவது எங்கோ யாரோ எழுதிவைத்து, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு நிரல் தொகுதி. அதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று திரையில் ஒரு வரி தோன்றியது. அழுத்திவிட்டார். புதிய லைப்ரரி வந்து இறங்கியது, உள்ளே இருந்த தரவுத்தளத்தை மேலும் கீழும் பார்த்தது, "நீ ரொம்பப் பழையது, உன்னோடு எனக்குப் பேச்சில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சிவப்பாக நான்கு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. தரவுத்தளத்தைப் புதிதாக்கலாம் என்றால் இந்தக் கணினி தாங்காது. கணினியை மாற்றலாம் என்றால் தராசு இந்தக் கணினியோடு மட்டும்தான் பேசும்.

இதில் யாருக்கு என்ன நட்டம்? மடுவத்துப் படியில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் காளியாயியைக் கேளுங்கள். முன்பெல்லாம் கூரை மரத்தில் கொக்கித் தராசு தொங்கும். கணக்குப்பிள்ளை சோலைமலை முள்ளைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று தம் மனம் போல் கழிப்பார். கழித்தது போக மிஞ்சும் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலி. காளியாயியும் மற்றப் பெண்களும் சண்டை பிடித்து இந்த மின்தராசைக் கொண்டுவந்தார்கள். இப்போது கழிவு எல்லோருக்கும் ஒரே அளவு. அதோடு திரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். நிறுப்பவர் நாற்காலியில் இருப்பார். நிறுக்க வந்தவர் ஜன்னலில் நின்று, அவர் தோளுக்கு மேலாகத் தம் எடையைத் தாமே பார்த்துக்கொள்வார்.

அந்திக் கொழுந்து வருவதற்குள் கணினி எழும்பாவிட்டால் கொக்கித் தராசு. சோலைமலை அதற்குள் அதை எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, குழந்தையைப் போல் மடியில் வைத்திருந்தார்.

"இன்னிக்கி ஒரு நா தானே, ஆயி," என்றார் சோலைமலை.

"ஒரு நாளா? அந்தக் கொக்கிய இன்னிக்கி மாட்டுனீங்கன்னா நாளைக்கி யாரு கழட்டுறது? நீங்களா கழட்டுவீங்க? மழ வேற சோன்னு பேயுது. என் கொழுந்துல பாதிய தண்ணின்னு சொல்லி ஆத்துல விட்டுருவீங்க."

கிருஷாந்திக்கு இது காதில் விழுந்தது. கைகள் வேகமாயின. நம்முடைய உயிரினமும் வேலையைத் தொடங்கியது.

முதலாவது, விசாரிப்பு. "என்னா புள்ள, ஆச்சா?" இது கேள்வி இல்லை, மூச்சு. அமிர்தநாதன் மூச்சு விடும்போதெல்லாம் இது வரும். இரண்டாவது, மறுப்பு. "நான் ஒண்ணும் சொல்லல." இந்த வாக்கியத்துக்குப் பிறகு எவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததாக எனக்குத் தெரிந்தவரை செய்தி இல்லை. மூன்றாவது, விரல். இவருடைய விரல் திரையைத் தொட்டே ஆகவேண்டும். வடை தின்ற விரலாக இருந்தால் இன்னும் விசேஷம்.

"இந்தா, இந்தச் செவப்பு எழுத்து என்னாது?"

"அதுதாங்க எரர்."

"அப்ப அத அழிச்சுட்டா சரியாப் போயிருமே?"

"அது நான் எழுதல, கண்டாக்கையா. அது சொல்லுது."

"சொல்லுதா! ஒரு தடவ ஓஃப் பண்ணி ஓன் பண்ணு. திமிரு அடங்கிரும்."

கிருஷாந்தி மூன்றாம் முறையாக ஓஃப் பண்ணி ஓன் பண்ணினார். திமிர் அடங்கவில்லை. உடனே அமிர்தநாதன் நான்காவது சடங்குக்குப் போனார். அது சாட்சி தேடுவது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சோலைமலையைப் பார்த்தார். சோலைமலை எப்போது, எதை என்று கேட்காமல் தலையாட்டினார். இனம் இனத்தோடு சேரும்போது இப்படித்தான், விவரம் தேவைப்படுவதில்லை.

ஆனால் கிருஷாந்தியிடம் ஒரு வழி இருந்தது. புதியதைப் போடுவதற்கு முன் பழைய லைப்ரரியை 'பழசு' என்று பெயர் வைத்து ஒரு கோப்புறையில் எடுத்துவைத்திருந்தார். அதை இருந்த இடத்தில் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. அந்த நிம்மதியில் எழுந்து, வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். முகம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதான் ஆனது.

திரும்பி வந்தபோது நாற்காலியில் அமிர்தநாதன் உட்கார்ந்திருந்தார். இந்த இனம் முன்னால் வந்து உட்கார்வது மிக அபூர்வம். பார்த்தால் ஓடிவிட வேண்டும்.

"கண்டாக்கையா, இங்க 'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே?"

"அதுவா? கவ்வாத்து பண்ணிட்டேன்."

"என்னாது?"

"நீதானே புள்ள சொன்ன, பழசுக்கும் புதுசுக்கும் ஒத்துக்கலன்னு. கிழட்டுக் கெளைய வச்சுக்கிட்டு இருந்தா புதுத் தளிரு எங்கேருந்து வரும்? தேயிலைய எத்தன வருசமாப் பாக்குறேன். அடியோட வெட்டிவிட்டாத்தான் தளதளன்னு வரும்."

கிருஷாந்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பரவால்லங்க. குப்பத்தொட்டிக்குள்ள இருக்கும். எடுத்துக்கிறேன்."

"வெட்டுன மிலாறுக் குச்சிய எவனாச்சும் மலையிலயே போட்டுட்டு வருவானா? அதையும் சுத்தமாக் கூட்டித் தள்ளியாச்சு."

சொல்லிவிட்டு எழுந்து, மிக அடக்கமாகத் தம் பழைய இடத்துக்கு, பின்னால், போய் நின்றுகொண்டார். செய்த உதவிக்கு நன்றி எதிர்பார்க்காத முகம்.

பழையதை மறுபடி இறக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். மழையில் டவர் படுத்துவிட்டிருந்தது. கிருஷாந்தி ஃபோனைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு அறையை ஒரு சுற்று வந்தார். அவருக்குப் பின்னால் அமிர்தநாதனும் ஒரு சுற்று வந்தார். இனி ஒரே வழிதான் மிச்சம்: கதவைச் சாத்திக்கொண்ட புதிய லைப்ரரியை, இருக்கும் பழைய தரவுத்தளத்தோடு பேசவைப்பது. உட்கார்ந்து, லைப்ரரியின் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

படிப்பது! பின்னால் நிற்பவரால் எதையும் தாங்க முடியும், ஒருவர் பேசாமல் படிப்பதை மட்டும் தாங்க முடியாது.

இதற்குள் செய்தி பரவித் தொழிற்சங்கத் தலைவர் சிவசாமி வந்து சேர்ந்தார். நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து, பிரச்சினை என்ன என்று கேட்டார். லைப்ரரிக்காரர்கள் பழைய தரவுத்தளத்தை நிறுத்திவிட்டார்கள் என்று அமிர்தநாதன் விளக்கினார்.

"வேலைய விட்டு நிறுத்துறதுன்னா முன்கூட்டியே அறிவிச்சாங்களா?" என்றார் சிவசாமி.

"அறிவிச்சிருக்காங்க, தலைவரே. நாந்தான் வாசிக்கல," என்றார் கிருஷாந்தி, திரும்பாமல்.

"யாரு மொதலாளி? பேச்சுவார்த்தைக்கு எங்க போகணும்?"

"மொதலாளி இல்லீங்க. ஊரு ஒலகத்துல ஆளாளுக்கு எழுதிச் சும்மா குடுக்குறாங்க."

"சும்மாவா?" சிவசாமி அதிர்ந்துபோனார். "அப்ப அவங்களுக்குச் சங்கம் இல்லையா? தங்கச்சி, அவங்கள உடனே ஒண்ணு சேக்கணும்."

சிவசாமிக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் இருவர், அவர்களுக்குப் பின்னால் லொறிக்காரர், அவருக்குப் பின்னால் காரணம் தெரியாமல் மழைக்கு ஒதுங்கிய ஒருவர். அறை சிறியது. மூச்சுக்காற்று ஒரே திசையில், கிருஷாந்தியின் பிடரியை நோக்கி வந்தது. ஒரு நிலையில் அமிர்தநாதனுக்கே இது ஒழுங்கீனமாகப்பட்டது. ஒழுங்கீனத்துக்கு அவர் அறிந்த மருந்து ஒன்றுதான். காலையில் ஆட்களைக் கூட்டி, எண்ணி, ஆளுக்கொரு வேலை பிரித்து அனுப்புவார்களே, பெரட்டு, அதை அங்கேயே வைத்துவிட்டார்.

"நீ பிளக்க புடிச்சுக்க, கழண்டுறக் கூடாது. நீ மவுசு வயரத் தூக்கிப் புடி. லொறிக்காரத் தம்பி, இந்தப் பொட்டியில பச்ச லைட்டு எரியுதான்னு பாத்துச் சத்தமாச் சொல்லு. தலைவரே, நீங்க மழயப் பாத்துக்குங்க."

லொறிக்காரர் "பச்ச! பச்ச! இப்ப இல்ல! பச்ச!" என்று சொல்லத் தொடங்கினார். காரணம் தெரியாமல் ஒதுங்கியவருக்கு வேலை மிஞ்சவில்லை. அவர் ஏமாந்துபோகக் கூடாதே என்று, நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் எங்கே நின்று பார்த்துக்கொள்வார்? நாற்காலிக்குப் பின்னால்தான்.

"எனக்கு என்னா வேலைங்க, கண்டாக்கையா?" என்றார் கிருஷாந்தி.

"நீ சும்மா இரு புள்ள. ஓரமா ஒக்காந்து அந்த டைப் பண்றத மட்டும் பாத்துக்க."

இந்த இடத்தில் ஓரமாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன். கிருஷாந்தி முதலில் வாசல் சோதனையைக் கண்டுபிடித்தார். லைப்ரரி உள்ளே நுழையும்போதே தரவுத்தளத்தின் வயதைக் கேட்கும் இடம் அது. அதைத் தாண்டிப் போகவைத்தார். கதவு திறந்தது. ஆனால் ஒரு எடையை எழுதச் சொன்னால் மறுபடி சிவப்பு. வாசல் சோதனையை நிறுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மேசையில் அடிப்பார்கள். வயதைக் கேட்கிறவன் காரணம் இல்லாமல் கேட்கமாட்டான். அந்தக் காரணம் எது என்று தேடவேண்டும்.

தேடினார். பழைய லைப்ரரி எடையைக் கொடுக்கும், எழுதச் சொல்லும், அத்தோடு சரி. கடைசியாக எழுதியது எத்தனையாவது என்று வேண்டுமானால் பிறகு தனியாகக் கேட்கும். புதியது அப்படி இல்லை. எழுதச் சொல்லும் அதே மூச்சில், "எழுதியதைத் திருப்பிச் சொல்" என்று ஒரு சொல்லையும் வாலாகச் சேர்த்து அனுப்பியது. புதிய தரவுத்தளங்கள் திருப்பிச் சொல்லும். இந்தப் பழையதற்கு அந்தப் பழக்கமே இல்லை. அது வேலை செய்யும், வாய் திறக்காது. புரியாத வாலைக் கண்டதும், எடையையும் சேர்த்துத் தூக்கி வெளியே எறிந்துவிட்டது.

பார்த்தீர்களா? நம் உயிரினம் மடுவத்தில் மட்டும் இல்லை, நிரலுக்குள்ளேயும் ஒருவர் பின்னால் நின்று, "என்னா எழுதின? சொல்லு, என்னா எழுதின?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கிருஷாந்தி லைப்ரரியின் சொந்த வரிகளை வெட்டவில்லை. அங்கே வெட்டினால் அடுத்த தடவை புதியது போடும்போது வெட்டியதும் போய்விடும். பக்கத்தில் தம்முடையதாக ஒரு சிறிய கோப்பு எழுதினார். இந்தத் தரவுத்தளத்துக்குத் திருப்பிச் சொல்லத் தெரியாது, அதனிடம் அதைக் கேட்காதே, தேவையானால் பழையபடி பிறகு தனியாகக் கேள். இவ்வளவுதான் அதன் சாரம். பிறகு உண்மையான எடைகளைத் தொடாமல் ஒரு நகலில் ஓட்டிப் பார்த்தார். சிவப்பு வரவில்லை. திரும்பவும் ஓட்டினார். வரவில்லை. வேறு எங்காவது அந்த வால் ஒட்டியிருக்கிறதா என்று மீண்டும் முதலிலிருந்து தேடினார்.

"அதான் வந்துருச்சே, இன்னும் என்னா நோண்டுற?" என்றார் அமிர்தநாதன். "நான் சொன்ன மாதிரி கவ்வாத்து பண்ணினதாலதான் வந்துச்சு."

"ஆமாங்க. நீங்க வெட்டலன்னா நான் இந்தப் பக்கமே வந்துருக்க மாட்டேன்."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். இந்த இனத்துக்கு வேறுவிதமாக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

கடைசிச் சோதனை தராசில். ஐந்து கிலோ இரும்புப் படிக்கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். திரையில் ஐந்து என்று விழுந்தது. அறை முழுவதும் பெருமூச்சு விட்டது. லொறிக்காரர் பச்சையை மறந்தார். சோலைமலை மட்டும் மடியில் கொக்கித் தராசோடு எட்டிப் பார்த்தார்.

"அஞ்சா? அது எப்பிடி அஞ்சு வரும்? மழையில கொண்டாந்த கல்லு. தண்ணிக்கி ஒரு கிலோ கழிங்க."

படியில் உட்கார்ந்திருந்த காளியாயி சிரித்த சிரிப்பில் படங்கு கீழே விழுந்துவிட்டது. "ஐயா, இரும்பயும் பிழிஞ்சு தண்ணி எடுப்பீங்களா?" என்றார். மழையைப் பார்க்கப் பணிக்கப்பட்ட சிவசாமிகூடத் திரும்பிச் சிரித்தார். சோலைமலை தராசைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

அந்திக் கொழுந்து வந்துவிட்டது. மூட்டை மூட்டையாக, பச்சை வாசனையும் ஈரச்சாக்கு வாசனையுமாக, பெண்கள் மடுவத்தை நிறைத்தார்கள். கிருஷாந்தி எழுந்து விரல்களை நீட்டி மடக்கி, தினமும் நிறுவை பார்க்கும் நிலக்ஷியைக் கூப்பிட்டார்.

"இந்தா நிலக்ஷி, ஒக்காரு. எல்லாம் பழையபடிதான். நீ புதுசா ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஹரிக்கா," என்று பாதிச் சிங்களத்தில் சரி சொல்லி நிலக்ஷி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வேலை கைமாறியது. காளியாயி முதல் மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். கிருஷாந்தி வீட்டுக்குப் போயிருக்கலாம். போனாரா? இரண்டடி எடுத்துவைத்தார், நின்றார், திரும்பினார். "அத அமுக்கு, நிலக்ஷி. இல்ல இல்ல, அதுக்குப் பக்கத்துல. மெதுவா." என்று சொல்லிக்கொண்டே, அமிர்தநாதனுக்கும் லொறிக்காரருக்கும் நடுவில், நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கப் பார்த்தார்.

அங்கே இடம் இல்லை. ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார். கையில் கோப்பை இல்லை, பிளக்கைப் பிடிக்கவில்லை, வயரைத் தூக்கவில்லை, பெரட்டில் பெயரும் இல்லை. இரண்டு கைகள் விசைப்பலகையின்மேல் ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், ஒவ்வொரு வரியையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே தமக்குள் யோசனையும் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

உங்களைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். காளியாயிக்குத் திரை தெரியவில்லை.